டீசல் ஏறாத வண்டி

பழைய லாரி ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றவில்லை. அல்லது சிலிண்டருக்குள் காற்று சரியாக அழுந்தவில்லை. அல்லது டீசல் போய்ச் சேரவில்லை. முதலாவது பேட்டரிக்காரரும் செல்ஃப் மோட்டார் பார்ப்பவரும் செய்யும் வேலை. இரண்டாவது எஞ்சினையே பிரிக்கிற வேலை. மூன்றாவதை நம்பித்தான் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் டீசல் பம்ப் பட்டறைகள் நடக்கின்றன.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக, பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் அது 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டுக்குள் டீசலை மிக நுண்ணிய தூறலாக அடித்தால் தானே பற்றிக்கொள்ளும். 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின், எண்ணெயைத் தள்ளுவதற்கு அழுத்தக் காற்றைப் பயன்படுத்தியது. அதற்கெனத் தனி கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. அந்தப் பாரத்தோடு அது லாரிக்குள் அடங்கியிருக்காது. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் லாரி பரவியது. இங்கே அந்தப் பம்பைச் செய்ய 1951-இல் பெங்களூரில் மைக்கோ வந்தது. 2008-இல் கம்பெனியின் பெயர் போஷ் என்று மாறிவிட்டாலும் நாமக்கல் பட்டறைகளில் பழைய பம்ப் இன்றும் மைக்கோ பம்ப்தான்.

நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். லாரிக்குப் பாடி கட்டும் தொழில் அதற்கு வெகு முன்பே ஊன்றிவிட்டது. சமையல் எரிவாயு டேங்கர்கள், டிரெய்லர்கள் இங்கிருந்து தென்னாடு முழுவதும் ஓடுகின்றன. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். ஆந்திரம், மராட்டியம், மத்தியப் பிரதேசம் என்று போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வருபவை. இவ்வளவு வண்டியும் ஓரிடத்தில் கூடும்போது வேலையும் பிரிந்துகொள்கிறது. ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு பட்டறை, ரேடியேட்டருக்கு ஒன்று, செல்ஃப் டைனமோவுக்கு ஒன்று, டயர் ரீட்ரெடிங்குக்கு ஒன்று. பம்புக்கும், டீசலைத் தூறலாக அடிக்கும் நாசிலுக்கும் தனிப் பட்டறை. ஒருவர் இன்னொருவருடைய வேலையில் கை வைப்பதில்லை. பரமத்தி சாலையில் நின்று, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது பதில் அல்ல, கேள்விதான்: "எப்பருந்துங்க எடுக்கல? சூட்டுலயா, பச்சையாவா?" பச்சை என்றால் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது.

பம்ப் பட்டறைக்கு இரண்டு முகம் உண்டு. முன்னால் திறந்தவெளி, வண்டி நிற்கும் இடம். புழுதி, கிரீஸ், கழற்றிப்போட்ட ஃபில்டர்கள். உள்ளே கதவு சாத்திய அறை. அங்கேதான் டெஸ்ட் பெஞ்ச். செருப்பை வெளியே விடச் சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. அது மரியாதைக்காக அல்ல, தூசுக்காக. பம்புக்குள் மேலும் கீழும் ஓடி டீசலைத் தள்ளும் எலிமெண்டுக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு. வாசலில் பறக்கும் புழுதியில் ஒரு துகள் போதும், அதைக் கீறிவிட.

பட்டறைக்கு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறுகளில் பாதிக்கதை வண்டி சும்மா நின்றதிலிருந்து தொடங்குகிறது. தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப்போன சீஸிங் வண்டி யார்டில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். ஏலத்தில் எடுத்தவர் பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்புவார், ஒன்றும் நடக்காது. வட மாநிலங்களில் மழைக்காலம் வந்தால் ரிக் வண்டிகளுக்கு வேலை இல்லை. லாரி எஞ்சின், காம்ப்ரஸர் எஞ்சின் இரண்டும் ஓய்ந்து நிற்கும். அரை டேங்க் டீசலோடு நின்ற வண்டியில், டேங்கின் காலி இடத்திலுள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து நீர்த்துளியாக உள்சுவரில் படியும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு கசடு உண்டாகும். கடற்கரையிலும் இதே கதைதான். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து கடலுக்குப் போகும் நாளில் விசைப்படகு எஞ்சினைக் கிளப்பும்போது எழும் தொல்லைகள், திருச்செங்கோட்டில் ஆடி கழிந்து ரிக் கிளம்பும்போது எழும் தொல்லைகளிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. படகில் தண்ணீர் கொஞ்சம் அதிகம், அதுவும் உப்புத் தண்ணீர்.

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. டிரைவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்ஸருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். அடிக்கிற சத்தம் சீராகவும் வேகமாகவும் இருந்தால் பேட்டரி சரி. இழுத்து இழுத்துச் சுற்றினால் பம்பைத் தொடுவதே வீண். வேகமில்லாமல் அழுந்தும் காற்று சூடேறுவதற்குள் ஆறிப்போகும். அடுத்து புகை. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். நாசில், டைமிங், கம்ப்ரஷன் பக்கம் தேட வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. இந்த ஒரு பார்வையில் வேலை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. புகை இல்லாத வண்டிக்குப் பம்பைக் கழற்றுகிறவரை நம்பி வண்டியை விடக்கூடாது என்பது இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது. ஏனென்றால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் பம்புக்கு முன்னால் இருக்கிறது. டேங்கில் தொடங்கி பம்பில் முடிப்பதுதான் வரிசை. அவசரக்காரர்கள் பம்பில் தொடங்குகிறார்கள்.

டேங்குக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஸ்டாப்பர். பழைய லாரிகளில் எஞ்சினை நிறுத்த டேஷ்போர்டில் ஒரு குமிழை இழுப்பார்கள். அதன் கேபிள் பம்பின் ஓரத்திலுள்ள நெம்புகோலை இழுத்து டீசலை அடைக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் கேபிள் துருப்பிடித்து, குமிழை உள்ளே தள்ளினாலும் நெம்புகோல் திரும்பி வராது. பம்ப் அடைத்தபடியே இருக்கும். கையால் தட்டிவிட்டால் வண்டி எடுத்துவிடும். பிந்திய வண்டிகளில் இந்த வேலையைச் சாலினாய்டு செய்கிறது. அதற்குக் கரண்ட் வராவிட்டாலும் இதே கதி. இதைப் பார்க்காமல் பாதி எஞ்சினைப் பிரித்தவர்களைப் பற்றிப் பட்டறைகளில் சிரித்துப் பேசிக்கொள்வது வழக்கம்.

டேங்கில் பார்க்க மூன்று இருக்கின்றன. டீசல் இருக்கிறதா என்பது முதலாவது. கேஜ் முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். இரண்டாவது, மூடியிலுள்ள காற்றுத் துளை. அது சேற்றால் அடைந்துபோனால் டீசல் வெளியேற வெளியேற டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கடைசியில் டீசலை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால் அதுதான். மூன்றாவது, அடியிலுள்ள வடிகால் திருகு. அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தால் சற்று நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே டீசல், கீழே தண்ணீர். கறுப்புத் துகள்களும் படிந்தால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றி அனுப்புவது ஏமாற்று வேலை. ஒரு வாரத்தில் புது ஃபில்டரும் அடைத்துக்கொள்ளும். ரிக் வண்டிகளில் இது அதிகம். காட்டுக்குள் வேலை நடக்கும்போது டீசல் பேரலில் வந்து, கைப் பம்பும் டியூபும் வைத்து ஏற்றப்படுகிறது. கல் அறுத்துக் கிளம்பும் வெண்புழுதி அதே டியூபின் வாயில் படிந்திருக்கும்.

டேங்கிலிருந்து, டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப் வரை உள்ள சக்‌ஷன் லைனில்தான் இந்தத் தொழிலின் நுணுக்கம் இருக்கிறது. ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகு டீசல் தள்ளப்படுகிறது. அங்கே இணைப்பு தளர்ந்தால் வெளியே கசியும், கண்ணில் படும். ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவதுபோல. பைப்பைத் தொட்டுப் பார்த்தால் வறண்டு கிடக்கும், நனையாத கசிவு. எண்ணெயைப் போலன்றி, காற்று அழுத்தினால் சுருங்கிக்கொடுக்கும். பம்பின் எலிமெண்ட் மேலே வந்து தள்ளும்போது காற்று சுருங்குகிறது, இறங்கும்போது விரிகிறது; நாசிலைத் திறக்கும் அழுத்தம் வருவதே இல்லை. இதைத்தான் ஏர் லாக் என்கிறார்கள்.

நான் நின்றிருந்த பட்டறைக்குப் பத்துச் சக்கர வண்டி ஒன்று வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. டிரைவர் சொன்ன குறை இது: "நைட்டு நிறுத்துனா காலையில எடுக்கறதில்லீங்ணா. ஒருக்கா எடுத்துருச்சுன்னா நாக்பூர் வரைக்கும் போனாலும் நிக்கிறதில்லீங்க." ஏற்கெனவே வேறோர் ஊரில் பம்பை இறக்கிக் கேலிபரேஷன் செய்து பணம் கட்டியாகிவிட்டது, காலைத் தொல்லை மட்டும் போகவில்லை. பட்டறைப் பெரியவர் பம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ராத்திரி நின்னா கீழ எறங்கீருதுங் தம்பி" என்றார். நாமக்கல்லில் மார்கழிக் குளிரைக் காரணம் சொல்லவும் வழியில்லை. லடாக் போகிற வண்டிக்கு டீசல் உறைந்துவிடும். 2019-இல் இந்தியன் ஆயில் அங்கே மைனஸ் 33 பாகையிலும் உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. இந்தச் சமவெளியில் காலையில் மட்டும் எடுக்காத வண்டி என்றால், இரவில் எங்கோ காற்று புகுந்து லைனிலிருந்த டீசல் டேங்குக்கே திரும்பிவிட்டது என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

உதவியாள் சக்‌ஷன் பைப்பின் ஒரு பகுதியைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப் ஒன்றைப் பொருத்தினார். எஞ்சினை ஓடவிட்டதும் டியூபில் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடின. டேங்க் பக்கமிருந்து ஒவ்வோர் இணைப்பாக இறுக்கிக்கொண்டே வந்ததில், வாட்டர் செப்பரேட்டரில் இருந்த பான்ஜோ போல்ட்டை இறுக்கியதும் குமிழிகள் குறைந்தன, நிற்கவில்லை. போல்ட்டைக் கழற்றினால் இருபுறமும் செம்பு வாசர். பலமுறை நசுங்கிக் கெட்டியாகி, ஓரத்தில் கோடு விழுந்திருந்தது. யாரோ ஃபில்டர் மாற்றும்போது பழைய வாசரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். விலை சில ரூபாய். புது வாசர் கைவசம் இல்லாத இடத்தில், பழைய வாசரைத் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகிக்கொடுக்கும். வழியில் நின்ற வண்டிக்கு அது போதும். பட்டறைக்கு வந்த வண்டிக்கு அப்படிச் செய்வது கஞ்சத்தனம்.

டியூப் இல்லாத இடத்தில் கேன் உதவுகிறது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை நிரப்பி கேபினில் உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேரே ஃபீட் பம்புக்கு டியூப் கொடுப்பார்கள். வண்டி ஒழுங்காக எடுத்தால் குற்றம் டேங்க் முதல் ஃபீட் பம்ப் வரையிலான வழியில். எடுக்காவிட்டால் அதற்கு அப்பால். காசு செலவில்லாத சோதனை இது.

காற்றை வெளியேற்றுவதற்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர். ஃபில்டர் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்ப் மேலுள்ள கைப் பம்பின் குமிழைத் திருகி விடுவித்து அடிக்க வேண்டும். முதலில் வெறும் காற்று சீறும். பிறகு வெள்ளை நுரை, அதன் பின் குமிழியோடு டீசல், கடைசியில் குமிழியே இல்லாத தெளிந்த ஓட்டம். அந்த ஓட்டம் இருக்கும்போதே, கை அடிப்பதை நிறுத்தாமல் திருகை இறுக்க வேண்டும். நிறுத்திவிட்டு இறுக்கினால் கொஞ்சம் காற்று உள்ளே திரும்பும். பிறகு பம்பின் பக்கத்திலுள்ள திருகு, அதே முறை. அதற்கும் மசியாத வண்டியில் நாசில்களுக்குப் போகும் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, ஒவ்வொன்றிலும் டீசல் துளிர்த்த பிறகு இறுக்குவார்கள். ஒவ்வொரு நட்டாக இறுக்கும்போதே எஞ்சின் ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று முனகிக்கொண்டு உயிர் பிடிப்பதைக் கேட்கலாம். முடிந்ததும் கைப் பம்பின் குமிழைத் திரும்ப இறுக்க மறந்துவிட்டால் அந்த வழியாகவே அடுத்த காற்று புகும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதற்குத்தான்.

ஃபில்டர், ஃபீட் பம்ப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய லாரிகளில் இரண்டு ஃபில்டர்கள் அடுத்தடுத்து நிற்கும். அடைத்தால் மாற்றிவிட வேண்டும், ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது. ஃபீட் பம்புக்குள் இருக்கும் சிறு வால்வுகளுக்கு அடியில் ஒரு நூலோ துகளோ மாட்டிக்கொண்டால் டீசல் போன வழியே திரும்பும். கைப் பம்பை அடிக்கும்போது கையில் இறுக்கமே தெரியவில்லை என்றால் அங்கே பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, டீசல் குமிழியின்றிப் பம்ப் வரை வந்தும் வண்டி எடுக்கவில்லை என்றால்தான் பம்பின் முறை. தேய்ந்த பம்ப் தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதம் வேறு. காலையில் பச்சை எஞ்சினில் ஒரே அடியில் எடுக்கும். தொப்பூர்க் கணவாய் ஏறி, டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த எலிமெண்டின் ஓரமாக நழுவிவிடுகிறது. ஓடும்போது வேகம் இருப்பதால் நழுவ நேரமில்லை. செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் முக்கால்வாசி நழுவிவிடும். பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு பீடி பிடித்து முடித்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். எடுத்துவிடும். அப்படி எடுத்தால் எலிமெண்ட் தேய்ந்திருக்கிறது என்று எழுதியே கொடுத்துவிடலாம். பச்சையில் எடுக்காதது காற்று, சூட்டில் எடுக்காதது தேய்மானம் என்கிற இந்தப் பிரிவினை நூற்றுக்கு நூறு சரியல்ல. ஆனாலும் பட்டறையின் முதல் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது.

தேய்மானத்துக்குத் தண்ணீரும் தூசும் போலவே கலப்படமும் காரணம். பம்புக்கு மசகு எண்ணெய் டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்பு குறைந்து உலோகம் உலோகத்தோடு உரசும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச்சாயம் கலந்ததற்கு ஒரு காரணம் இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

உள்ளறையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிய பம்பை மோட்டார் சுற்றுகிறது. ஆறு பைப்புகளிலிருந்து வரும் எண்ணெய், அளவுக்கோடு போட்ட ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழுகிறது. குறித்த எண்ணிக்கை அடி முடிந்ததும் நின்றுவிடும். ஆறு குழாயிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் அதன் எலிமெண்டைச் சிறிது திருப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி பார்க்க வேண்டும். மட்டம் மட்டுமல்ல, நேரமும் ஒத்துவர வேண்டும்: ஆறு சிலிண்டருக்கும் 60 பாகைக்கு ஒன்றாக, 1-5-3-6-2-4 என்ற வரிசையில் டீசல் கிளம்ப வேண்டும். கண்ணாடிக் குழாய்களுக்கு நேரே கண்ணை வைத்துக் குனிந்து நிற்பவர் அந்த நேரத்தில் யாரிடமும் பேசுவதில்லை. முடிந்ததும் அதிகபட்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகுக்கு ஈயச் சீல் வைக்கிறார்கள். அந்தச் சீலை உடைத்து, "கொஞ்சம் டீசலைக் கூட்டி வைங்க, மேடு இழுக்கல" என்று கேட்டு வருபவர்கள் எப்போதும் உண்டு. கூட்டி வைத்தால் இழுக்கும்தான். கூடவே கரும்புகை, மைலேஜ் குறைவு, பிஸ்டன் சூடு. செய்துகொடுக்க மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துப் பட்டறையில் செய்துகொடுப்பார்கள் என்று தெரிந்தே மறுக்கிறார்கள்.

நாசில் சோதனைக்குக் கையால் அமுக்கும் நெம்புகோலும் ஒரு பிரஷர் கேஜும் உள்ள சிறிய கருவி போதும். பழைய லாரி நாசில்கள் ஏறக்குறைய 200 பாரிலிருந்து 250 பாருக்குள் திறக்க வேண்டும். நல்ல நாசில் அமுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் கொடுத்து, நுனியிலுள்ள ஒவ்வொரு துளையிலிருந்தும் புகைபோலப் பிரிந்து அடிக்கும். கெட்டது சத்தமில்லாமல் கோடாக ஒழுகும், அல்லது அடித்து முடித்தபின் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு சிலிண்டருக்குள் எரியாமல் போய்த்தான் வெள்ளைப் புகையாக வெளிவருகிறது. இந்தத் தூறலுக்கு நேரே விரலை நீட்டக்கூடாது என்பது பட்டறையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும். பார்வைக்கு ஊசி குத்தியதுபோலத்தான் இருக்கும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

காரணத்தைத் தேடாமல் வண்டியைக் கிளப்பிவிடும் குறுக்குவழிகளும் புழக்கத்தில் இருக்கின்றன. ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது. எஞ்சின் 'டொக்' என்று அடித்துக்கொண்டு எடுக்கும். அந்த அடியில் ரிங் உடைந்த எஞ்சின்களும் உண்டு. இன்னொரு லாரியில் கட்டி இழுத்துக் கிளப்புவது பழைய முறை. ஏர் பிரேக் வண்டியில் ஏர் டேங்கில் காற்றழுத்தம் இறங்கிவிட்டால் ஸ்பிரிங் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் டயர்தான் தேயும்.

மேலே சொன்னதெல்லாம் வரிசைப் பம்ப், அதாவது சிலிண்டருக்கு ஓர் எலிமெண்ட் வரிசையாக நிற்கும் பழைய பம்ப், வைத்த வண்டிகளுக்கு. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகை விதி நாடு முழுவதும் வந்தபோதும் அசோக் லேலண்ட் தன் கனரக லாரிகளில் வரிசைப் பம்பையே வைத்துக்கொண்டது. ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது என்பதே அதற்குச் சந்தையில் பெரிய பலம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் அந்த வழி அடைபட்டது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு இறங்கியது; எல்லாப் புது லாரியும் காமன் ரெயிலுக்குப் போயிற்று.

காமன் ரெயிலில் ஒரு பம்ப் எல்லாச் சிலிண்டருக்குமான டீசலை ஒரே குழாயில் அழுத்தி வைக்கிறது. எந்த நாசில் எப்போது திறக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. ஓடும்போது அழுத்தம் 1,600 பார், அதற்கும் மேல். ஸ்டார்ட் ஆகவே ரெயிலில் ஏறக்குறைய 200 பார் சேர வேண்டும். சேராவிட்டால் கம்ப்யூட்டர் நாசிலைத் திறப்பதில்லை. இங்கேயும் தேடும் வரிசை மாறவில்லை: டேங்க், தண்ணீர், சக்‌ஷன் காற்று, ஃபில்டர். அதற்குப் பிறகுதான் ஸ்கேனர். ரெயிலில் அழுத்தம் ஏறவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு வழியிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டிச் செல்ஃப் அடிக்கிறார்கள். எந்தப் பாட்டில் சீக்கிரம் நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் டீசலை நழுவவிடுகிறது. பழைய பழக்கத்தில் ஓடும் எஞ்சினில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பவர்களை இந்த எஞ்சின் மன்னிப்பதில்லை. அந்தப் பீச்சு 250 பாரில் அல்ல, 1,600 பாரில் வரும்.

இதனால் தொழிலும் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஐம்பதைத் தாண்டிய பம்ப் மெக்கானிக்குகளில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டு, தட்டில் டீசல் ஊற்றிப் பாகம் கழுவும் வேலையில் சேர்ந்தவர்கள். கழுவியே பாகங்களின் பெயரையும் தேய்மானத்தையும் கற்றார்கள். பெஞ்ச் அருகே நிற்க இடம் கிடைக்கவே வருடங்கள் ஆயின. இப்போது வருபவர்கள் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு டீசல் மெக்கானிக் பயிற்சி முடித்தவர்கள், ஸ்கேனரைப் பார்த்துப் பேசுபவர்கள். காமன் ரெயில் பெஞ்சின் விலை சிறு பட்டறைகளால் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆகவே சிறியவர்கள் இன்ஜெக்டரைக் கழற்றிப் பெரிய பட்டறைக்கு அனுப்பிவிட்டு, கழற்றிப் பூட்டும் கூலியோடு நின்றுகொள்கிறார்கள். பழைய வரிசைப் பம்புகள் ரிக் காம்ப்ரஸர்களிலும் ஜெனரேட்டர்களிலும் பழைய டிராக்டர்களிலும் இன்னும் ஓடுவதால் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

கைகளைப் பார்த்தாலே பம்ப்காரரைச் சொல்லிவிடலாம். டீசல் தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிடுவதால் விரல் மடிப்புகளில் வெடிப்பு விழுந்து, அதில் கறுப்பு ஏறி நிற்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. கையுறை போட்டால் வாசரின் கோடு விரலுக்குத் தெரியாது என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. டீசல் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகைபோக்கிக் குழாயை வெளியே விட ஆகும் செலவு, ஒரு பம்ப் வேலையின் லாபத்துக்குள் அடங்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் சொன்ன நேரத்துக்கு முன்பே, காலையில் போங்கள். சாவியைத் தொடுவதற்கு முன் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக அதை ஏற்கெனவே ஒருமுறை கிளப்பி வைத்திருக்கிறார்கள். டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் தளர்த்திப் பாட்டிலில் பிடியுங்கள். பச்சையில் ஒருமுறை எடுத்துப் பார்த்தபின், அரை மணி நேரம் பாரத்தோடு ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். பச்சையில் தகராறு செய்து சூட்டில் எடுத்தால் பெரும்பாலும் வாசரும் பைப்பும் ஃபில்டரும் மாற்றினால் தீரும், பயப்படாமல் வாங்கலாம். பச்சையில் எடுத்து சூட்டில் மறுத்தால், பேசிய விலையில் ஒரு முழுப் பம்ப் வேலையின் செலவைக் கழித்துக்கொண்டு பணத்தை எண்ணுங்கள்.